பாதித் தலை

எனக்கில்லண்ணே, பையனுக்கு. வெளில நிக்கிறான் பாருங்க, தொப்பியோட. அவசரமில்ல, நாற்காலில இருக்கறவரை முடிச்சு அனுப்புங்க. நாலு பேர் முன்னாடி அவன் தொப்பியக் கழட்ட மாட்டான்.

உங்க கண்ணாடிக்கு மேல ஒட்டியிருக்கே ஷாம்பூ விளம்பரம், உன் தலை, உன் இஷ்டம்னு, அது நான் எழுதினது. சத்தியமா. அதான் என் பொழப்பு. சிரிங்க, சிரிங்க, இந்த வழுக்கைய வெச்சுக்கிட்டுதான் எழுதினேன்.

படம் எடுத்த அன்னிக்கு நானும் கூட இருந்தேன். ஒரே மாதிரி கிராப்பு வெட்டின ஆளுங்க மொத்தமா ஒரு பக்கம் நடப்பாங்க. ஒருத்தன் மட்டும் முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு எதிர்ல வருவான். அவனுக்குத் தனியா நடக்கவே வரலண்ணே. கூட்டம் நகந்தா காலு தன்னால கூடவே திரும்பிடுது. கடைசில சாக்பீஸ்ல கோடு போட்டு, இது மேலயே நடடான்னு விட்டோம். அந்த முடியா? டோப்பா.

என் பையன் அதை நம்பிட்டான். அப்பன் எழுதினதாச்சே. வளக்க ஆரம்பிச்சு தோள் வரைக்கும் வந்துச்சு. இது எங்கப்பா எழுதின வரின்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

இப்ப எங்க ஆபீஸ்லயே ஒரு வேலை காலியாச்சு. நேத்து முதலாளிகிட்ட கால்ல விழாத குறையாக் கேட்டேன். நாளைக்குக் கூட்டிட்டு வான்னார். வாசல் வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு, முடிய வெட்டிக் கூட்டிட்டு வாய்யா, விளம்பரம் கொடுக்கறவங்க முகம் சுளிப்பாங்கன்னார். அவர் முதுகுக்குப் பின்னாடி இதே படம் இவ்ளோ பெருசா தொங்குது. சரிங்கய்யான்னுட்டு வந்தேன்.

வீட்ல சொன்னா, வேணாம்பா, அந்த வேலையே வேணாம்னான். அவன் சொன்னதுல என்ன தப்பு? நான்தான் கத்தினேன். எனக்கப்புறம் யார்றா உனக்குச் சோறு போடுவான்னு வாயில வந்ததெல்லாம் பேசினேன். அவன் சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்துட்டான்.

தொப்பிக்குக் கீழ ஒரு பக்கம் மட்டும் முடி தொங்குதேன்னு பாக்கறீங்களா? இல்லண்ணே, வேற கடைக்கெல்லாம் போகல. எந்தக் கடைக்காரர் இப்படி வெட்டுவார்? நான்தான். ஒருக்களிச்சுத் தூங்கிட்டிருந்தான். வீட்ல துணி வெட்டற கத்திரி இருந்துச்சு. மேல இருந்த பக்கம் முழுக்க எடுத்துட்டேன். நிமிந்து பாத்தா, கண்ணைத் தொறந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கான். எப்ப முழிச்சான்னு தெரியல. திட்டியிருக்கலாம், கையத் தட்டி விட்டிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. இந்தா, இதையும் எடுத்துக்கோங்கற மாதிரி அடுத்த பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம் எனக்குக் கை வரல.

அவர் எழுந்துட்டாரு போல. பையனை நீங்களே கூப்பிடுங்கண்ணே. நான் கூப்பிட்டா, ராத்திரி திரும்பிப் படுத்த மாதிரியே உடனே வந்துடுவான்.