நாற்பத்தொரு நிமிடப் புகை

எனக்குச் சத்தம் பிடிக்காது, சார். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு மின்விசிறி கொஞ்சம் முனகினால்கூட அதை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் பதினோரு வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறேன். அதுவும் சோதனை இசை. பகலில் கார் உதிரிபாகக் கடையில் வேலை. மற்ற நேரத்தில் இணையத்தில் ‘முருகையாவின் காது’ என்று ஒரு பக்கம். கெடா மாநிலத்தில் யார் புதிதாக ஆல்பம் போட்டாலும் முதலில் எனக்குத்தான் அனுப்புவார்கள்.

இந்த வருடம் வந்தவற்றை நீங்களும் கேட்டுப் பாருங்கள், விசாரணைக்கு உதவும். அலோர் ஸ்டார் குழு ஒன்று நெல் ஆலை இரைச்சலுக்கு மேலே நாதஸ்வரத்தைத் தலைகீழாக ஓடவிட்டிருந்தது. ‘வயல் பின்னோக்கி நடக்கிறது’ என்று எழுதினேன். ஹனிஸ் என்ற பெண் குளிர்பெட்டிக்குள் மைக்கை வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்திருந்தாள். ‘தனிமையின் வெப்பநிலை’ என்று எழுதினேன். அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். எதையும் நான் மூன்று நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை. இந்த வகை இசையில் நான்காவது நிமிடத்தில் புதிதாக எதுவும் நடந்துவிடாது.

புவனேசன் சிடாம் கிரிக்காரன். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான் என் பக்கத்தில் எழுதிய பிறகுதான் நாலு பேருக்கு அவனைத் தெரியும். போன மாதம் புது ஆல்பத்தை எனக்கு அனுப்பினான். அன்றைக்கே அவன் மனைவி ஷீலாவின் வாஷிங் மெஷின் ஒரு மாதிரி சத்தம் போட்டதால், அதையும் பதிவு செய்து மெக்கானிக் ஷஃபிக்குக்கு அனுப்பினான். இரண்டும் இடம் மாறிப் போய்விட்டன.

ஷஃபிக் பொறுப்பானவர். ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, சரி செய்ய முடியாது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்று பதில் போட்டார். என் கருத்தில் அந்த ஆல்பத்துக்கு வந்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

நான் வாஷிங் மெஷினைப் பற்றி ஒன்பது பத்தி எழுதினேன். அதில் தோட்டத்துப் பெண்களின் முதுகுவலி சுழல்வதாகச் சொன்னேன். இறுதியில் வரும் நீண்ட மௌனம் கேட்பவரை நிலைகுலைய வைக்கிறது என்று முடித்தேன்.

இறுதியில் மௌனம் இல்லை, சார். துவைத்து முடித்ததும் அந்த மெஷின் டிங் டிங் என்று ஒரு மெட்டுப் போடும். அதற்குப் பிறகு ஷீலா, துணி காயப்போட வரச்சொல்லி புருஷனைக் கூப்பிடுகிறாள்.

புவனேசன் போன் பண்ணி மூச்சு முட்டச் சிரித்தான். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க லா. ஞாயித்துக்கெழம அலோர் ஸ்டார் வெளியீட்டுல அதப் போட்டு, நீங்க எழுதினதையும் படிக்கப் போறேன். நீங்களும் வந்து சிரிங்க.”

அவன் மனதில் வஞ்சம் எதுவும் கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வஞ்சம் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன். விளையாட்டாகச் செய்கிறவனிடம் எப்படிக் கெஞ்சுவது? எனக்கு அவமானமாக இருந்தது. கடையில் ஸ்பார்க் பிளக் கேட்டவருக்கு ஃபேன் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவனே துணைக்குக் கூப்பிட்டான். ஆல்பத்தில் கடைசியாக ஒன்று சேர்க்க வேண்டுமாம். மாமனார் ராமையாவின் பழைய புகையறையில், ரப்பர் ஷீட் காயவைக்கும் அந்தச் சின்ன அறையில், புகையின் சத்தத்தைப் பதிவு செய்யப் போகிறானாம். புகைக்குச் சத்தம் உண்டா என்று கேட்காதீர்கள், இந்தத் துறையில் அப்படிக் கேட்பது அநாகரிகம். வெளியே இருந்து தாழ்ப்பாள் போட்டால்தான் அந்தக் கதவு இறுக்கமாக நிற்கும், இல்லையென்றால் மைக்கில் காற்று விழும். வழக்கமாக ஷீலாதான் கதவருகே நிற்பாள். போன தடவை அவன் உள்ளே கதவைத் தட்டித் தாளம் போட்டதைக் கேட்டுப் பயந்து திறந்துவிட்டாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லையாம். இந்தத் தடவை அவளுக்கு ஓவர்டைம்.

“பன்னெண்டு நிமிசம்ணே. அதுக்குள்ள நான் தட்டினாலும் கத்தினாலும் திறக்காதீங்க. எல்லாம் பாட்டுதான்.”

ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். வெளியே அடுப்பு வாயில் நாலு கட்டை போதும் என்று சொல்லியிருந்தான். கலைக்குக் கஞ்சத்தனம் கூடாது என்று, பக்கத்தில் கிடந்த பச்சை ரப்பர் மரக்கட்டைகளையும் தள்ளிவிட்டேன்.

முதல் அறிக்கையில், கவுஸ் அண்ணன் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன், நேரம் போனதே தெரியவில்லை என்று சொல்லியிருந்தேன். அன்று அவர் மகள் நஜ்வாவுக்கு நிச்சயதார்த்தம், கடையே திறக்கவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

கதவுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். முதலில் தாளம் நன்றாகவே இருந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில், “அண்ணே, போதும்ணே, திறங்க” என்றான். பன்னிரண்டு நிமிடத்தை யார் ஒரு படைப்பு என்று ஒப்புக்கொள்வார்கள்? பதினெட்டில் தாளம் தவறியது. இருபத்து மூன்றில் ஷீலாவைக் கூப்பிட்டான். பிறகு இருமல். அதன் பிறகு விறகு வெடிக்கும் ஓசை மட்டும். நாற்பத்தொன்றில் தாழ்ப்பாளை எடுத்தேன், உங்களுக்கும் போன் செய்தேன்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து அந்தப் புகைப் பதிவுக்கு விமர்சனம் எழுதிப் போட்டேன். அதை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். பதிவுக் கருவி அப்போது உங்கள் வசம் இருந்தது. அப்படியிருக்க, பதினெட்டாம் நிமிடத்தில் தாளம் தவறுவதும் இருபத்து மூன்றில் ஒரு பெயர் வருவதும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். எழுதாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று உங்கள் உதவியாளர் பரிதாபப்பட்டார். அவருக்கு இந்தத் துறை தெரியாது.

ஷீலா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும். நான் கதவைத் திறக்காமல் அவனைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முருகையா கேட்காமல் விமர்சனம் எழுதுகிறவன் என்று மட்டும் அந்தத் தாளில் எங்கேயும் வரக்கூடாது, சார்.