மலைக்கு ஒன்பது வருசம்

நடுவட்டம் சுங்கச்சாவடியில் வண்டிகள் தூறலில் நின்றன. என் பின்வண்டியில் இருவர்: கூடலூர்ப் பக்கத்துத் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி, ஊட்டிக் கடைவீதிக் கம்பளி வியாபாரி.

"அந்த மலைக்கு இன்னும் ஒம்பது வருசம்தானுங்க ஆயுசு" என்றார் மேஸ்திரி.

"மலைக்கு ஆயுசா?"

"ஆமாங்க பாய். சொரங்கத்துத் துரை அங்கங்க வெட்டி, கல்லை இடிச்சு அலசி, உள்ள எத்தனை தங்கம் கிடக்குதுன்னு கணக்குப் போட்டுட்டாரு. தெனம் இத்தனை வண்டிக் கல்லு எடுத்தா, ஒம்பது வருசத்துல மலையே தீர்ந்துருமாம்."

"அதுக்கு ஆளு?"

"அதுவும் கணக்குல இருக்குதுங்க. இப்ப போறவங்க இந்த மழை வரைக்கும். மழை விட்டதும் இதே அளவு புது ஆளைக் கூட்டியாரச் சொல்லி இப்பவே உத்தரவு."

"அப்ப இவங்க ஊருக்குத் திரும்பிருவாங்களா?"

"அங்க மழையில காய்ச்சல் கடுமைங்க பாய்."

சாவடிக்கு அப்பால் மேஸ்திரியின் ஆட்கள் புதுக் கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி எதற்கோ சத்தமாகச் சிரித்தாள்.

வியாபாரி வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"புது ஆளுங்களுக்கும் கம்பளி நம்ம கடையிலயே எடுத்துக்குங்க மேஸ்திரி."

"வாங்க வேண்டாம்னுட்டாருங்க துரை. இவங்களோடது இருக்குமில்லீங்க."