மிச்சக் கஷாயம்

திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை போகும் பேருந்து. குழந்தையை மடியில் வைத்திருந்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில் கஷாயம் பற்றிப் பேசி முடித்ததும் மாமியார் பக்கம் திரும்பினாள். நேற்று என் மகனுக்கு நானும் கஷாயம் கொடுத்திருந்தேன். அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அத்தே, பிள்ள ரத்தத்துல காரீய வெசம் பாதியாக் கொறஞ்சிருச்சாம்.”

“நாந்தேன் சொன்னேன்ல, ஏங் கஷாயத்துல குத்தமில்லைன்னு.”

“குத்தம் அதக் காச்சுன சொம்புல. வெள்ளீயம்னு சொல்லிக் காரீயத்த வித்திருக்கான் கடக்காரன்.”

“நல்லவேள, பயபுள்ள தெனமும் ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு ஓடிருவான்.”

“மிச்சத்த என்ன செஞ்சீக?”

“வீணாக்குவானேன்னு நாந்தேன் குடிச்சேன்.”

மருமகள் குழந்தையோடு எழுந்துவிட்டாள். “கண்டக்டரண்ணே, வண்டிய நிறுத்துங்க. ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும்.”

“எதுக்குத்தா? பிள்ளைக்குத்தேன் கொறஞ்சிருச்சே.”

“ஒங்களுக்கு யாரு ரத்தம் எடுத்துப் பாத்தா? எந்திரிங்க அத்தே.”