மின்வெட்டு நேரத்தில் வந்த மின்சாரம்

21.05.2012 திங்கட்கிழமை காலை 11 மணிக்கு சிதம்பரம் காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர் முன்பு ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ஆரோக்கிய ஜெகன், வயது 36, தகப்பனார் பெயர் மரியலூர்து. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பின்புறம் வாடகை வீட்டில் மனைவி மேரி ஷாலினி மற்றும் இரண்டு பிள்ளைகளுடன் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன். தகர ஷெட்டுகளின் உட்கூரையில் வெயில் சூடு இறங்காமல் இருக்க பபுள் ஷீட் அடிக்கும் வேலையை ஆறு வருடமாகச் செய்து வருகிறேன். இந்த வழக்கில் காயம்பட்ட நடேஷ், வயது 29, சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் குடியிருப்பவர், நான்கு வருடமாக என்னோடு சேர்ந்து வேலை செய்பவர்.

பபுள் ஷீட் என்றால் என்னவென்று சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு, நான் கொண்டுவந்த துண்டைக் காட்டினேன். நடுவில் காற்றுக் குமிழ் உள்ள பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் வெள்ளி போல மின்னும் அலுமினியத் தாள். இதை எங்கே காட்டினாலும் எல்லோரும் முதலில் குமிழை நசுக்கித்தான் பார்க்கிறார்கள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டையாவும் நான்கு குமிழை உடைத்துவிட்டார். உடைத்துவிட்டு, இது வெறும் பிளாஸ்டிக்தானே, இதில் எப்படி கரண்ட் பாயும் என்று கேட்டார். வேலை நடந்த ஷெட்டின் ஓனரும் இதையேதான் கேட்டார், அங்குள்ள மேனேஜரும் இதையேதான் கேட்டார். குமிழ்தான் பிளாஸ்டிக், மேலும் கீழும் இருப்பது அலுமினியம், அலுமினியத்தில் கரண்ட் பாயும் என்று அவர்களுக்குச் சொன்னது போலவே இங்கும் சொன்னேன்.

சிதம்பரம் வண்டிகேட்டைத் தாண்டி ஹேமசபேசன் என்பவருக்குச் சொந்தமான தகர ஷெட்டில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் வேலை நடந்து வருகிறது. பதினைந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். கத்திரி ஆரம்பித்த வாரத்தில் அங்கே இரண்டு பெண்கள் மயங்கி விழுந்ததன் பேரில் ஓனர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது பகல் ஒரு மணி, கூரைத் தகரத்துக்குக் கீழே கையை நீட்டினால் அடுப்பில் நீட்டியது போல இருந்தது. அதன் பிறகு வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஓனர் ஷீட்டைத் தகரத்தோடு தகரமாக ஒட்டிவிடச் சொன்னார், அப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். அப்படி ஒட்டினால் சூடு அப்படியே இறங்கும், தகரத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று நிற்க வேண்டும், அதற்கு ரீப்பர் என்னும் மரச் சட்டம் அடித்து அதன்மேல்தான் ஷீட்டுக்கு இரும்புப் பின் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். இதை அவருக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. அதன் பிறகு, மேலே தொங்கும் ஃபேன் ஒயர், லைட் ஒயர் எல்லாவற்றையும் முதலில் கழற்றி பைப்புக்குள் விட்டு ஷீட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும், கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் ட்ரிப்பர் ஒன்று வைக்க வேண்டும், ஒயரின் மேல் ஒரு பின் இறங்கினாலும் போதும், ஷீட்டுகளை அலுமினிய டேப் போட்டு ஒன்றோடொன்று சேர்ப்பதால் கூரை முழுவதும் கரண்ட் ஏறிவிடும் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "எலக்ட்ரீசியன் அடுத்த வாரம் வருவான், ஜூன்ல ஸ்கூல் தொறக்கிறாங்க, நீ உன் வேலையப் பாரு" என்றார்.

எலக்ட்ரீசியன் வராமல், ஒயர்கள் கூரையில் இருந்தபடியே இருக்க, 15.05.2012 செவ்வாய்க்கிழமை நானும் நடேஷும் வேலை ஆரம்பித்தோம். பெண்கள் கீழே தைத்துக்கொண்டே இருந்ததால், மின்வெட்டு நேரமாகிய பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை மட்டும் மேலே ஏறிப் பின் அடிப்பது என்று பேசிக்கொண்டோம். மெயின் சுவிட்ச் மேனேஜர் சடையப்பன் அறைக்குள் இருக்கிறது, அறைச் சாவி அவரிடம் மட்டும் இருக்கிறது. முதல் நாள் நான் போய் மெயினை ஆஃப் செய்யச் சொன்னபோது அவர், "கரண்டே இல்லாத நேரத்துல மெயின என்னத்துக்குய்யா ஆஃப் பண்ணணும்?" என்று கேட்டார். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். சுவரில் ஒட்டியிருந்த மின்வெட்டு அட்டவணையைக் காட்டினார். அதன் பிறகு முனகிக்கொண்டே எழுந்து ஆஃப் செய்தார். மறுநாளும் அதே கேள்வி, அதே அட்டவணை, அதே முனகல், ஆனால் ஆஃப் செய்தார்.

17.05.2012 வியாழக்கிழமை 12 மணிக்கு கரண்ட் போனது. நான் போய்ப் பார்த்தபோது அறை பூட்டியிருந்தது. மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் செய்தேன், எடுக்கவில்லை. அரை மணி கழித்துச் செய்தேன், எடுத்து, வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். ஒன்றரை மணிக்குச் செய்தேன், அணைத்து வைத்திருந்தார். ஓனருக்குச் செய்ததில் அவர் கும்பகோணத்தில் இருப்பதாகவும் மேனேஜரிடம் பேசும்படியும் சொன்னார். நடேஷ் சாரத்தின் கீழே உட்கார்ந்து, "மச்சான், இன்னைக்கு வேணாம், சாவி வந்தா பாத்துக்கலாம்" என்று சொன்னார்.

அதற்கு நான் சொன்னது: "மூணு நாளா இந்த ஆளுகிட்ட கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப் போச்சுடா. ரெண்டு வரிதான் பாக்கி. மூணு மணிக்குத்தான கரண்டு. ஏறு."

இந்த இடத்தில் சார்பு ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இதைச் சொன்னால் நீயும் வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட வேண்டிவரும், யோசித்துச் சொல் என்று கூறினார். நான் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

நடேஷ் ஏறினார். ஒரு வரி அடித்து முடித்து, இடது கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஷீட் சேரும் இடத்தில் டேப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே ரீப்பர் அறுத்துக்கொண்டிருந்தேன். சுமார் 2.10 மணிக்கு ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. பெண்கள், "அட, கரண்டு வந்துடுச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். நடேஷ் சத்தம் போடவில்லை. சட்டத்தைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, கால் கட்டைவிரல் மட்டும் சாரக் கம்பில் அடித்துக்கொண்டே இருந்தது.

நான் ஓடிப்போய் மேனேஜர் அறைக் கதவை உதைத்தேன். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. மெயினை இழுத்துவிட்டேன். இழுத்தால் நடேஷ் கீழே விழுவார், பிடிக்க ஆள் வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அங்கே தைக்கும் செல்லாயி என்ற அம்மாவுக்குத் தோன்றியது. நான் கதவை உதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரும் இன்னும் இரண்டு பெண்களும் தைத்துக் கட்டி வைத்திருந்த யூனிபார்ம் மூட்டைகளை இழுத்து வந்து சாரத்தின் கீழே போட்டிருக்கிறார்கள். நடேஷ் பதினாறு அடி உயரத்திலிருந்து பாதி உடம்பு மூட்டையிலும் பாதி உடம்பு சிமெண்ட் தரையிலுமாக விழுந்தார். மூட்டை இல்லையென்றால் இன்றைக்கு வேறு வழக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அதன் பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பு எலும்பு உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். வலது கையில் கருகிப்போன இரண்டு விரல்களை மறுநாள் எடுத்துவிட்டார்கள்.

ஓனர் கொடுத்துள்ள புகாரில், நடேஷ் கால் இடறித் தானாக விழுந்தார் என்றும், அட்டவணைப்படி பகல் 12 முதல் 3 வரை மின்சாரம் இல்லாததால் மின்சாரம் தாக்க வாய்ப்பே இல்லை என்றும் உள்ளதாக எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அட்டவணையில் மின்சாரம் இல்லை என்பது சரி. ஷெட்டில் ஃபேன் சுற்றியது. கால் இடறினால் விரல் எப்படிக் கருகும் என்று ஓனரைக் கேட்டேன், அவர் அட்டவணையைக் கேட்கச் சொன்னார். நான்கு நாளாக நான் பேசும் ஒவ்வொருவரும் அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள். மற்ற பெண்கள் வேலை போய்விடும் என்று பேசப் பயப்படுகிறார்கள். செல்லாயி மட்டும், "ஃபேன் சுத்துனத நான் பாத்தேன், எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன்" என்று கூறியுள்ளார்.

நேற்று நான் போய்ப் பார்த்தபோது, எங்கள் பின் குத்தி இறங்கியிருந்த ஃபேன் ஒயர் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. வேறு ஆளை வைத்து மிச்ச வரியையும் அடித்து முடித்துவிட்டார்கள். அதன் கீழே உட்கார்ந்து பெண்கள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்மேல் வழக்கு போடுவதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், முதலில் யாரையாவது அனுப்பி அந்த ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நடேஷின் மனைவி கார்த்யாயினி என்னிடம், "அண்ணே, சாவி வரலன்னு தெரிஞ்சும் இவரு ஏன் ஏறுனாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கட்டிலில் கிடந்த நடேஷ், "நானாத்தான் ஏறுனேன். மச்சான் வேணாம்னுதான் சொன்னாரு" என்றார். கார்த்யாயினி எனக்கு டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தார். நான் அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நடேஷ் ஆஸ்பத்திரியில் காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் அப்படியேதான் சொல்லியிருக்கிறார் என்று இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதில் மற்றதெல்லாம் நிஜம். அது மட்டும் பொய். வேண்டாம் என்று சொன்னது அவர், ஏறு என்று சொன்னது நான்.

எழுதியதை ஏட்டையா எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "ஏறலாம்" என்று எழுதியிருந்ததை "ஏறு" என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. இப்போது நான் சொன்னபடி சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
ம. ஆரோக்கிய ஜெகன்