பதினோராவது செடி

நெலீடா: ...அப்ப நான் கேட்டேன், "தண்ணிக்குள்ள தோட்டமா, தோன் ஆர்சேனியோ?"ன்னு. நீங்க மார்பைத் தட்டிக்கிட்டு, "ஒரே மாசம், சென்யோரா! பார்லருக்கு முடி வெட்ட வர்றவங்க கண்ணாடியைப் பாக்க மாட்டாங்க, இந்த மீன் தொட்டியைத்தான் பாப்பாங்க"ன்னீங்க.

ஆர்சேனியோ: மார்பையெல்லாம் தட்டல.

நெலீடா: தட்டினீங்க. நியான் மீனெல்லாம் பயந்து கட்டைக்குப் பின்னாடி ஓடிச்சு.

ஆர்சேனியோ: சரி, தட்டினேன். அந்தக் கத்திரியைக் கொடுங்க.

நெலீடா: எது, முடி வெட்டுறதா?

ஆர்சேனியோ: வேர் இவ்ளோ நீளமா இருந்தா உள்ள மடங்கி அழுகிடும். நுனியைக் கழிக்கணும்.

நெலீடா: போன ஞாயிறு என் சீப்பு. அதுக்கு முந்தி புருவம் எடுக்கிற இடுக்கி. என் நாற்காலி மட்டுந்தான் இன்னும் தண்ணிக்குள்ள போகல.

ஆர்சேனியோ: அந்தச் சீப்பாலதான் இலையில இருந்த நத்தை முட்டையெல்லாம் வழிச்செடுத்தேன். நன்றியே கிடையாது உங்களுக்கு.

நெலீடா: முதல் மூணு செடி ஞாபகம் இருக்கா? மரவள்ளிக் குச்சி மாதிரி சாய்ச்சு, கழுத்து வரைக்கும் மணல்ல புதைச்சீங்களே...

ஆர்சேனியோ: எங்கப்பா அப்படித்தான்... சாய்ச்சு ஊனினாத்தான் கிழங்கு நல்லா...

நெலீடா: மீன் தொட்டியில மரவள்ளிக் கிழங்கு! தெருவே வந்து பாத்துட்டுச் சிரிச்சுது.

ஆர்சேனியோ: குருத்து வெளியில நிக்கணும்னு அப்பத் தெரியல. இப்பப் பாருங்க... வேர் மட்டும் உள்ள. உசரமானது பின்னாடி, குட்டை முன்னாடி. கெளுத்தி மீன் நோண்டாம இருக்க மேல நாலு கூழாங்கல். எப்படி?

நெலீடா: அழகாத்தான் இருக்கு.

ஆர்சேனியோ: பதினொண்ணாவது செடி. இது பிடிச்சாகணும். அடுத்த ஞாயிறு நடுறதுக்கு நான் இருக்க மாட்டேன்ல.

நெலீடா: செவ்வாய்க்கிழமைதானா... நிஜமாவே?

ஆர்சேனியோ: சாயந்திரம் படகு. புகால்பாவுல தம்பி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான், கூடவே இருன்னு கூப்பிடுறான். இந்த இக்கிட்டோஸ்ல எனக்கு என்ன இருக்கு? ஒரு பழைய ஆட்டோ. படுக்க ஒரு தூளி. தொட்டி பச்சையாயிட்டா இந்த வேலையும் முடிஞ்சுது.

நெலீடா: ஆமா... முடிஞ்சுது. இலையில சோறு கட்டி வச்சிருக்கேன், ஆறிடும். கையைக் கழுவிட்டு வாங்க.

ஆர்சேனியோ: இருங்க, தண்ணி கொஞ்சம் குறையுது. அந்த நீல வாளியில இருக்கிறதை ஊத்திடவா?

நெலீடா: அதைத் தொடாதீங்க!

ஆர்சேனியோ: ஏன்?

நெலீடா: அது... தலைச்சாயம் கரைச்ச தண்ணி.

ஆர்சேனியோ: சாயம் துள்ளுதே.

நெலீடா: காத்து அடிக்குது.

ஆர்சேனியோ: சென்யோரா, மூடி இடுக்குல தெரியுது... இந்தச் சாயத்துக்கு வால் இருக்கு.

நெலீடா: மூடியைத் திறக்காதீங்கன்னா... திறந்தாச்சா?

ஆர்சேனியோ: பலோமேத்தா! வெள்ளித் தட்டு மாதிரி... இலையைக் கண்டா ஆடு மாதிரி மேயுமே இது!

நெலீடா: சந்தையில அந்தப் பொம்பளை மத்த மீனோட தப்பாப் போட்டுட்டா.

ஆர்சேனியோ: எப்ப?

நெலீடா: நாலாவது செடி நட்டீங்களே... அதுக்கு மறுநாள்.

ஆர்சேனியோ: ஞாயித்துக்கிழமை ஆனா மட்டும் வாளிக்குக் குடி போயிடுமா?

நெலீடா: சிரிக்காதீங்க.

ஆர்சேனியோ: யாரு சிரிச்சா? நான் கோவமா இருக்கேன்.

நெலீடா: தோள் குலுங்குது.

ஆர்சேனியோ: நான் ஆத்தங்கரையில பொறந்தவன், சென்யோரா. இலையில அரைவட்டமாக் கடிச்ச தடம் இருந்தா நத்தையா பலோமேத்தாவான்னு தெரியாதா? ஆறாவது செடியிலேயே தெரிஞ்சுபோச்சு.

நெலீடா: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா இன்னும் அஞ்சு செடி கொண்டுவந்தீங்க?

ஆர்சேனியோ: அதுக்கும் வயிறு இருக்குல்ல. ஓடையில இறங்கி, இளசாப் பாத்துப் பறிச்சேன்.

நெலீடா: ஐயோ, மானமே போச்சு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

ஆர்சேனியோ: சொன்னா அதை எடுத்துடுவீங்க. எடுத்துட்டா செடி பிடிச்சுக்கும். பிடிச்சுட்டா... ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?

நெலீடா: புகால்பாவுக்கு.

ஆர்சேனியோ: வேற வழி? மூட்டை தூக்கி, ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவன் நான். வாயைத் திறந்து என்னத்தைக் கேக்கிறது? நீங்களும் செடியைத் தவிர வேற பேச்சே எடுக்கல.

நெலீடா: துண்டு இந்தாங்க. கையைத் துடைங்க.

ஆர்சேனியோ: துடைச்சாச்சு.

நெலீடா: என்னைப் பாக்காதீங்க. மீனைப் பாருங்க. அப்பத்தான் எனக்குப் பேச வரும்.

ஆர்சேனியோ: மீனைத்தான் பாக்கிறேன்.

நெலீடா: கண்ணாடியில தெரியுது... மீனைப் பாருங்க!

ஆர்சேனியோ: சரி, சரி.

நெலீடா: என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. இது வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல, ஒரு குடம் தண்ணி தூக்கிக் கொடுங்கன்னுகூட. இப்பக் கேக்கிறேன். புகால்பா வேண்டாம், ஆர்சேனியோ. ஞாயித்துக்கு ஞாயிறு வந்துட்டுப் போறதும் வேண்டாம். என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்துடுங்க.