கிணற்றின் மேல் வெள்ளரி

வெள்ளரிக்காய் கசந்தால் எல்லோரும் விதையைத் திட்டுகிறார்கள் ஐயா. தப்பு விதையிடம் இல்லை. ஒரு நாள் குடம் குடமாக ஊற்றிவிட்டு மறுநாள் மறந்துபோகிறான் பாருங்கள், அவன்தான் காயைக் கசக்க வைக்கிறான். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. மூன்று வருஷமாக என் கொடியில் ஒரு காய் கசந்ததில்லை. வேண்டுமானால் எங்கள் பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். என் காயை மட்டும் காம்பு நறுக்கித் தேய்க்காமலேயே தின்பார்கள்.

என் பெயர் தாமோதரன், வயது அறுபத்து மூன்று. அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. அலைச் சத்தம் எப்போதும் கேட்கும். நானும் என் மனைவி சகுந்தலாவும்தான் அங்கே. மகன் இனியன் கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கி, மனைவி ஹரிப்ரியா, குழந்தை அனுவோடு இருக்கிறான்.

கடற்கரை மண்ணில் வெள்ளரி போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் மணல் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். ஒரு டிராக்டர் செம்மண் அடித்து, மக்கிய சாணமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்தேன். தண்ணீரைக் காலையில் வேரில்தான் ஊற்ற வேண்டும். இலை நனைந்தால் மாவு பூசின மாதிரி சாம்பல் நோய் வரும். இத்தனை செய்தும் முதல் வருஷம் உப்புக் காற்று இலையெல்லாம் கருக்கிவிட்டது. அந்தக் காற்று அடிக்காத இடம் எங்கள் கொல்லையில் ஒன்றே ஒன்றுதான். குளியலறைச் சுவருக்குப் பின்னால், பழைய உறைக்கிணறு இருக்கும் இடம்.

தண்ணீர் உப்பாகிப் போனதால் போர் போட்டுவிட்டோம். அதற்கப்புறம் கிணற்றை யாரும் சீண்டவில்லை. சுற்றுச்சுவர் இடிந்து தரைமட்டமாகிக் கிடந்தது. சிலாப் போட்டு மூடச் சொல்லி சகுந்தலா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நான் நான்கு சவுக்குக் கம்புகளைக் குறுக்கே போட்டு, கடப்பாக்கத்து மீன்காரர் கொடுத்த பழைய வலையை மேலே விரித்து, ஓரத்தில் கல் வைத்து, கொடியை ஏற்றிவிட்டேன். தரையில் கிடக்கிற காய் வளையும், அடியில் மஞ்சள் தட்டும். தொங்குகிற காய் நூல் பிடித்த மாதிரி நேராக வரும். கிணற்றுக் குளிர்ச்சிக்கு அது இன்னும் நன்றாகவே வந்தது. ஒரு மாதத்தில் அங்கே கிணறு இருப்பதே தெரியவில்லை, ஒரே பச்சை.

“இன்னாங்க இது, கெணத்து மேல போயி ஏத்திவுட்டுகினு கீறீங்க? பாத்தாலே ஈரக்கொல நடுங்குது. யாராச்சும் வுழுந்து வெச்சா?” என்றாள்.

“யாரு வரப்போறா இங்க?” என்றேன்.

பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. வேலையில் இருந்த வரை நாலு பேர் நடுவில் அது அமுங்கிக் கிடந்தது. ரிட்டயரான பிறகு தலை தூக்கிவிட்டது. வீட்டில் தனியாகப் பத்து நிமிஷம் இருந்தால் உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் குளித்து முடிக்கிற வரை சகுந்தலா கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கத்தரிக்காய் விலையைச் சொன்னாலும் போதும். அவள் சலித்துக்கொள்வாள், ஆனாலும் நிற்பாள். அவள் குரல் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை ஐயா.

போன மாதம் ஹரிப்ரியாவை ஆபீசுக்கே வந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அனுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சகுந்தலா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டாள். ஆறு மாசமாம். என்னையும் கூப்பிட்டாள்தான். ஒன்பதாவது மாடி, லிஃப்ட்டில் போக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஏறினாலே எனக்கு மூச்சு முட்டும்.

“காய்ப்பு முடியட்டும், ஒரு மாசம் பொறு” என்று கெஞ்சினேன். “கொடியில இப்பத்தான் பொண் பூவு வந்துகினு கீது.”

“கொடி காஞ்சா காயட்டும். யாரு உசுரு போவப்போவுது?” என்றாள்.

புதன்கிழமை காலை பத்து மணி பஸ் என்று முடிவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொல்லைக்குப் போய்க் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தேன். பதினெட்டு அடி ஆழம். தண்ணீர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. சுளுக்கு, மிஞ்சிப் போனால் ஒரு எலும்பு முறிவு. கட்டுப் போட்டால் ஆறு வாரம் படுக்கை, அதற்குள் ஹரிப்ரியா வேறு ஆள் பார்த்துக்கொள்வாள். ஏனோதானோ என்று நான் எதையும் செய்யவில்லை. அளந்து பார்த்த பிறகுதான் நடுவிலிருந்த இரண்டு கம்புகளை உருவினேன்.

புதன்கிழமை அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றபோது, “அனுவுக்கு ரெண்டு காய் பறிச்சுக்கினு போயேன்” என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோபமெல்லாம் தீர்ந்து வழியனுப்புகிறேன் என்று நினைத்திருப்பாள். கொல்லையில், நடுவில் தொங்கிய பெரிய காயை விரல் நீட்டிக் காட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாள். “பிஞ்சுங்க கீற எடத்துல வெரல நீட்டாதீங்க, அழுவிடும்” என்று தன் விரலை மடக்கி, “அதானே?” என்று கேட்டாள். அதுதான் என்றேன். “கம்பு தாங்குமா?” என்றாள்.

தாங்கும் என்றேன். அதுவரைக்கும் நான் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தம்தான் என்னை உலுக்கிவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் அழுகையாக மாறின பிறகு எட்டிப் பார்த்தேன்.

“ஏங்க, காலு ஒடிஞ்சிட்ச்சி போல கீதுங்க. ஓடிப்போயி யாரையாச்சும் கூப்புடுங்க.”

கூப்பிடத்தான் நினைத்தேன். அப்போது ஒன்று உறைத்தது. ஆட்கள் வருவார்கள், தூக்குவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து இனியன் நேராகக் கேளம்பாக்கத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவான். கால் ஒடிந்தவளை என் பொறுப்பில் விடுவானா? இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பயத்தில் யோசிக்கவில்லை.

அவளை நான் அப்படியே விட்டுவிடவில்லை ஐயா. பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். வாளியில் இட்லியும் தண்ணீரும் அனுப்பினேன். வெயில் நேராக அவள் தலையில் இறங்கியது, அதனால் வலையை இழுத்துச் சரிசெய்து கொடியைப் பழையபடி பரப்பிவிட்டேன். ஆள் அனுப்பியிருக்கிறேன், வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனியன் போன் பண்ணினான். அம்மாவுக்குத் தொண்டை கட்டிப் பேச வரவில்லை, சரியானதும் வருவாள் என்றேன். அன்றைக்கு மத்தியானம் நான் குளித்தபோது சுவருக்குப் பின்னால் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“கால்ல இன்னாவோ ஊறுதுங்க. பயமா கீதுங்க” என்றாள்.

“வேரா இருக்கும். நான் இங்கதானே கீறேன், எதுக்குப் பயம்?” என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அழவில்லை. வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நாலு கம்பு போட்டிருந்தீங்களே. நடுவுல ரெண்டு எங்கங்க?”

நான் ஓரத்துக் கல்லை நகர்த்தி வலையைச் சரிசெய்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள். “நான் எங்கியும் போவலிங்க. உங்களோடயே இருக்கேன். சாமி சத்தியமா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒரு ஏணி மட்டும் போடுங்க.”

குரல் நடுங்கியது. குளிரால் இல்லை, என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று புரிந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. பயந்துபோனவள் மேலே வந்தால் என்ன சொல்வாள், யாரிடம் சொல்வாள்? நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

சாயங்காலம் தோப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டு சாராள் காய் வாங்க வந்தாள். வாசலில் அவள் தலையைப் பார்த்ததுமே போர் மோட்டாரைப் போட்டுவிட்டேன். “அக்கா ஊருக்குப் போய்ட்ச்சா? கொல்லைல அக்கா கொரலு கேட்ட மாரி கீதே” என்றாள். பழைய மோட்டார், அப்படித்தான் கத்தும் என்று சொல்லி நான்கு காய் கொடுத்து அனுப்பினேன். கேட் சாத்துகிற சத்தம் கேட்கிற வரை என் உயிர் என்னிடம் இல்லை. மோட்டாரை நிறுத்தினேன். அதற்குள் சகுந்தலாவுக்குக் குரல் அடங்கிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாளியை இறக்கினேன். அவள் தொடவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்போது எனக்குப் பயமே வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் சகுந்தலா பேசமாட்டாள். முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறேனே, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, “காபி ஆறிப்போவுது பாருங்க” என்று அவளே ஆரம்பிப்பாள்.

சனிக்கிழமை இனியன் வந்துவிட்டான். கட்டில்மேல் அடுக்கி வைத்த பையைப் பார்த்தான், உள்ளே அவள் செல்போனைப் பார்த்தான், கொல்லைக்கு ஓடினான். அவன் அவசரக்காரன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம் ஐயா. ஞாயிற்றுக்கிழமை அவளே பேசியிருப்பாள்.