ஒரே ஒரு கடி

ஐயோ, வேணாங்க்கா, ரொட்டி வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. டீ மட்டும் ஊத்துங்க, சக்கரை இல்லாம. ரயிலு ஆடுது, பாத்து. இல்லல்ல, நோன்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஒடம்புக்கு ஆகுமா ஆகாதான்னு பாக்குறதுக்காக விட்டிருக்கேன்.

சிரிக்கிறீங்க பாருங்க! ரொட்டி ஆகாத ஒடம்பும் ஒலகத்துல உண்டாடின்னு எங்க அத்தையும் இப்பிடித்தான் சிரிச்சாங்க. மாமியாரச் சொல்றேன்.

சினைப்பையில நீர்க்கட்டிக்கா. மாசாமாசம் வர வேண்டியது எப்பவாச்சும்தான் எட்டிப் பாக்கும். ஒடம்பு பெருத்துக்கிட்டே போகுது, மோவாயில முடி வேற. உம் புருசனுக்கு முன்னாடி உனக்குத் தாடி வந்துரும் போலருக்கேன்னு அத்தை நாலு பேரு முன்னாடி சொல்லுவாங்க. நானும் சேந்து சிரிச்சு வைப்பேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

மாத்திரை தின்னு தின்னு அலுத்துப் போயி, பெர்கானாவுல ஒரு டாக்டரம்மாகிட்டப் போனோம். இப்பிடிக் குணமாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன், செஞ்சு பாப்போம்னாங்க. கோதும, பாலு, தயிரு, சக்கரை எல்லாத்தையும் மொதல்ல நிப்பாட்டணுமாம். அப்புறம் ஒண்ணொண்ணாத் திரும்பச் சேத்து, எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு பாக்கணும். சொல்லச் சுளுவா இருக்கு. நம்ம வீடுகள்ல நடக்குற காரியமா அது? விடியக்காலம் எந்திரிச்சு மாவு பெசஞ்சு, தந்தூர் அடுப்புல ரொட்டி சுட்டு அடுக்குற மருமக, மூலையில உக்காந்து வெறும் கறியும் முள்ளங்கியும் தின்னா எப்பிடியிருக்கும்? எங்க வீட்டு உப்பும் ரொட்டியும் மகாராணிக்குக் கசக்குதாம்னு அத்தை தெரு பூராவும் சொல்லிட்டாங்க.

ஆனா பத்தியம் கேட்டுச்சுக்கா! போன மாசம் மாத்திரை இல்லாம தானா வந்துச்சு. எனக்கு அழுகைய அடக்க முடியல. எங்க வீட்டுக்காரரு சோபிர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். மனுசன் ஓடிப் போயி ஒரு கூடை மாதுளம்பழம் வாங்கியாந்துட்டாரு. அது எனக்கு ஆகுமான்னுகூட கேக்கல, பைத்தியம்.

அந்த நேரம் பாத்துத்தான் நாத்தனா முனீராவுக்கு நிச்சயம் வந்துச்சு. ரொட்டிய ஒடச்சு ரெண்டு வீட்டாளுங்களும் தின்னாத்தான பேச்சு முடிஞ்ச மாதிரி, உங்களுக்குத் தெரியாததா. எங்கையிலயும் ஒரு துண்டு குடுத்தாங்க. தின்னிருந்தா செத்தா போயிருப்பேன்? ஆனா ரொட்டிய எல்லாத்துக்கும் கடைசியாத்தான் சேக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்களே. இம்புட்டு நாளு வாயக் கட்டுனது வீணாப் போயிருமோன்னு பயந்துட்டேன்க்கா. திங்கிற மாதிரி பாவலா பண்ணி, சட்டக்கைக்குள்ள ஒளிச்சு வச்சேன். டீ ஊத்தக் குனிஞ்சேன் பாருங்க, மாப்பிள்ளையோட அம்மா காலடியிலயே விழுந்து தொலைச்சிருச்சு.

ஆமாக்கா, நிச்சய ரொட்டி. தரையில.

அந்தம்மாவே எடுத்து முத்தங்குடுத்து, நெத்தியில ஒத்திக்கிட்டு விரிப்புல வச்சாங்க. மறுவாரம் ஆளு வந்துச்சு, இந்தச் சம்பந்தம் சரிப்பட்டு வராதுன்னு. முனீரா அதுலேருந்து எம்மூஞ்சியப் பாக்குறதில்ல. அவ அழுகுறது செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். நான் என்னன்னு போயித் தேத்துவேன்? நீர்க்கட்டி, டாக்டருன்னு நான் சொல்லச் சொல்ல, ரொட்டியத் தரையில போட்டவ பேசாதங்குறாங்க அத்தை. சோபிரா? அவரு பாவம், அம்மாவ எதுத்துப் பேசத் தெரியாத ஆளு.

நானு அங்கிரேன்ல எறங்கணும். அம்மா வீடு அங்கதான். கொஞ்ச நாளு இருந்துட்டு வான்னு அத்தைதான் அனுப்பி வச்சாங்க. எப்பத் திரும்பணும்னு சொல்லலையே. நானும் கேக்கல.

கெளம்புறப்ப வழக்கம் போல ரொட்டிய நீட்டுனாங்க, திரும்பி வரப்போறவங்க ஒரு கடி கடிச்சு மிச்சத்த வீட்டுல விட்டுட்டுத்தான போகணும். பத்தியமாவது ஒண்ணாவதுன்னு கடிச்சுட்டேன்க்கா. வீடு வேணும்ல? கொழுந்தன் பட்டாளத்துக்குப் போறப்ப கடிச்ச ரொட்டி இன்னமும் சமையக்கட்டு ஆணியில தொங்குது, அவன் திரும்பி வந்து மிச்சத்தத் திங்கணும்னு. பக்கத்துல இன்னொரு ஆணி சும்மாத்தான் இருந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அத்தை என்னோடத மாட்டல. துணியில சுத்தி, வழியில பசிக்கும்னு சொல்லி எம்பையிலயே வச்சுட்டாங்க. சோபிரு குனிஞ்சு செருப்பத் தேடிக்கிட்டே இருந்தாரு, நிமிரவேயில்ல.

இந்தாங்க. கீழயும் போடக் கூடாது, என்னாலயும் திங்க முடியல. நீங்க சாப்புடுங்கக்கா. நல்லா மெத்துனு இருக்கும், காலையில நானே சுட்டது. ஒரே ஒரு கடிதான் கடிச்சிருக்கேன்.